நாலாவது சீட்

சென்னையிலிருந்து பம்பாய்க்கு யார் வந்தாலும் இப்போதெல்லாம் கடலோரத்தில் கட்டியிருக்கும் அந்தப் புது இசை அரங்கத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். கச்சேரி கேட்க இல்லை, கட்டடம் பார்க்க. நானும் அழைத்துப் போகிறேன். கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்துக் கொடுக்கிறேன். கூரை எப்படி வளைந்து தண்ணீர்ப் பக்கம் இறங்குகிறது, நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் எப்படி நிற்கிறது என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொல்கிறேன். போன மாதம் வந்த என் தங்கையின் மாமனார், "இந்த ஹால்ல எத்தனை பேர் உக்காரலாம்?" என்று கேட்டார். "டிக்கெட் எத்தனையோ அத்தனை பேர்" என்றேன். இதென்ன பதில் என்பது போல என்னைப் பார்த்தார். எனக்கு அக்காவின் ஞாபகம் வந்துவிட்டது, அதற்குப் பாவம் அவர் என்ன செய்வார்.

அக்கா என்றால் என் கூடப்பிறந்தவர் இல்லை. வாஷியிலிருந்து சி.எஸ்.டி. போகும் காலை வண்டியில், பெண்கள் டப்பாவில், பெட்டியை இங்கே அப்படித்தான் சொல்வோம், எல்லோருக்கும் அவர் அக்கா. மராத்திக்காரிகளும் குஜராத்திக்காரிகளும்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, அவர் வீட்டுக்காரர் உட்பட. இப்போது அவர்கள் பத்லாப்பூர் பக்கம் வீடு மாறிப் போய்விட்டார்கள். அது வேறு லைன், வேறு வண்டி. எப்போதாவது போனில் பேசுவதோடு சரி.

பம்பாய் லோக்கலில் போகாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த வண்டியில் ஒரு சீட் என்பது மூன்று பேருக்குச் செய்தது. ஆனால் உட்காருவது நாலு பேர். நாலாவதாக வருகிறவள் "ஜரா சரக்கோ", கொஞ்சம் நகருங்கள், என்று சொல்லவேண்டியது. உட்கார்ந்திருப்பவர்கள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் நகரவேண்டியது. நாலாவது ஆளுக்கு ஓரத்தில் ஒரு கை அகலம் கிடைக்கும். ஒரு கால் நடைவழியில் நிற்கும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மறுப்பதும் இல்லை. அதேபோல வாஷியிலிருந்து உட்கார்ந்து வருகிறவர்களில் மனசாட்சி உள்ளவர்கள் குர்லா தாண்டியதும் எழுந்து, நின்று வருகிறவர்களுக்கு இடம் மாற்றிக் கொடுப்பார்கள். பாதி வழி நீ, பாதி வழி நான்.

நகருவதிலும் ஒரு தினுசு உண்டு. உடம்பை லேசாகத் தூக்கி, முகத்தில் ஒரு சிரமத்தைக் காட்டி, மறுபடி அதே இடத்தில் வைத்துவிடுவது. நான் அதில் கெட்டிக்காரி. மாதுங்காவில் பிறந்து வளர்ந்து, சான்பாடாவில் வாக்கப்பட்டு, ஃபோர்ட்டில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறவள். சான்பாடாவில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது என்று, ஆட்டோ பிடித்து வாஷிக்குப் போய், அங்கே கிளம்பும் வண்டியில் ஜன்னலோரம் பிடிப்பேன். அந்த ஜன்னலோரம் நான் பாடுபட்டுச் சேர்த்த சொத்து. அதில் பங்கு கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

அக்கா திலக் நகரில் ஏறுவார். தனியாக ஏறமாட்டார். பிளாட்பாரத்தில் யாரோ ஒருத்தியைக் கண்டுபிடித்துக் கூட்டிக்கொண்டு வருவார். கையில் மாவுக்கட்டுப் போட்டவள், முழுகாமல் இருக்கிறவள், பரீட்சைக்குப் போகிற பெண், சும்மா முகம் வாடி நின்றவள். கூட்டத்தைத் தோளால் விலக்கி எங்கள் சீட்டுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, "ஜரா சரக்கோ நா, பாவம்" என்பார். அந்த ஹிந்தியும் தமிழும் சேர்ந்த 'பாவம்' அந்த டப்பா முழுக்கப் பிரசித்தம். மராத்திக்காரிகளே "பாவம் ஆயி" என்று, பாவம் வந்தாச்சு என்று சிரிப்பார்கள்.

தனக்கென்று அவர் இடம் கேட்டதே இல்லை. எங்களுக்குப் பெரிய தொல்லை அதுதான். தனக்குக் கேட்கிறவளிடம் முறைக்கலாம், நடிக்கலாம். அடுத்தவளுக்குக் கேட்கிறவளிடம் என்ன செய்ய முடியும்? புண்ணியம் அவருக்கு, நசுங்குவது நாங்கள்.

ஒரு நாள் ஏற்கனவே நாலு பேர் இருந்த சீட்டில் அஞ்சாவதாக ஒருத்தியை உட்காரவைக்கப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, நாங்களும் மனுஷாதான்" என்றேன்.

"மனுசங்கதாம் தங்கச்சி, அதாங் கேக்கேன். மூட்டைகிட்டயா போய்க் கேப்பாவ?"

டப்பாவே சிரித்தது. நான் நகர்ந்தேன். நடிக்காமல் நகர்ந்தேன் என்பதையும் சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா பிறந்தது தாராவியில். சாத்தான்குளம் பக்கத்தில் இருக்கும் சொந்த ஊருக்கு அவர் போனது சொற்பம். ஆனால் பேச்சு மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து நேற்று வந்தவர் மாதிரி இருக்கும். ஃபோர்ட்டில் ஒரு பெரிய துணிக்கடையில் ஆல்டரேஷன் வேலை. ஜாக்கெட்டைப் பிரித்து விடுவது, பேன்டைச் சுருக்குவது. இடம் உண்டாக்குகிற வேலையே கிடைத்திருக்கிறதே என்று ஒருமுறை கேலி செய்தேன்.

"துணில அப்பிடி முடியாது பாத்துக்க" என்றார். "உள்ள மடிச்சு வச்சிருந்தாத்தான் பிரிச்சு விட முடியும். இல்லாத துணிய இழுத்தா கிழிஞ்சிரும். மனுசங்கதான் உள்ள நெறைய மடிச்சு வச்சிருக்காவ. கேட்டாத்தான் பிரிப்பாவ."

இப்படி ஏதாவது சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அவரிடம் சண்டை போட முடியாது.

ஒரு கிறிஸ்துமஸுக்கு என்னை வீட்டுக்கு அழைத்தார். திலக் நகரில் ஒரு பழைய கட்டடத்தில் ஒரு அறையும் சமையல்கட்டும். நான் போனபோது அந்த அறையில், ஊரிலிருந்து புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு கணவன் மனைவி, வேலை தேடி வந்த ஒரு உறவுக்காரன், பக்கத்து 'சால்' குடியிருப்பை இடித்துக் கட்டுகிறார்கள் என்று பெட்டியோடு வந்து தங்கிய ஒரு அம்மாள், எல்லோரும் இருந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறவர். சாதுவான மனுஷர். வீட்டில் படுக்க இடமில்லாத நாட்களில் பட்டறையிலேயே படுத்துக்கொள்வாராம். அதை ஒரு குறையாகக்கூட அவர் சொல்லவில்லை. எனக்குக் கேக் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார்.

அவர்களுக்கு ஒரே மகள். அப்போது காலேஜ் முடித்து ஒரு பேங்கின் பேக் ஆபீஸ் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். சமையல்கட்டில், கேஸ் சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவில் நின்றபடி தட்டை ஏந்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"உக்காந்து சாப்பிடேம்மா" என்றேன்.

"இது என் சீட் ஆன்ட்டி, ரிசர்வ்டு" என்று சிரித்தாள். "எங்க வீட்ல டெய்லி நைட் என் தலகாணி யார்கிட்ட இருக்குன்னு தேடித்தான் நான் தூங்கணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான்தான் கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். தன் இடத்தை அடுத்தவருக்குக் கொடுக்கிறவர்களை நாம் தலையில் தூக்கி வைக்கிறோம். அவர்களுடைய இடத்துக்குள்ளேயே அவர்கள் பிள்ளைகளின் இடமும் இருக்கிறது என்பதை யார் பார்க்கிறார்கள்? மறுநாள் வண்டியில் அக்காவிடம் கேட்டே விட்டேன்.

"பிள்ளைக்குன்னு ஒரு மூலை வேண்டாமா அக்கா?"

"அவ எங்க போயிருவா? நம்ம பிள்ளதான" என்றார்.

இதுதான் அக்கா. நம்ம பிள்ளை, நம்ம வீட்டுக்காரர், நம்ம தங்கச்சி. நம்ம ஆட்கள் எப்போதும் காத்திருக்கலாம். வாசலில் நிற்கிறவர்களுக்குத்தான் அவசரம்.

அந்தப் பெண் நன்றாகப் பாடுவாள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. தாராவி சர்ச்சில் பாடகர் குழுவில் இருந்தாள். வீட்டில் பாடிப் பழக வழியில்லாததால் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பாடுவாளாம். கீழே உள்ளவர்கள், தொட்டிப் பக்கம் சத்தம் கேட்கிறதே, தண்ணீர் வந்துவிட்டதா என்று ஏறி வந்து பார்ப்பார்களாம். அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த அரங்கம் திறந்த புதிதில், நகரத்தின் சர்ச்சுகளிலிருந்தும் காலேஜுகளிலிருந்தும் நல்ல குரல்களைப் பொறுக்கி ஒரு பெரிய பாடகர் குழு சேர்த்தார்கள். வெளிநாட்டு வாத்தியக் குழுவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாடவேண்டும். இவளும் தேர்வாகிவிட்டாள். பாடுகிறவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு பாஸ். அக்காவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. அப்பா மாட்டேன் என்றுவிட்டார். "அந்த ஏசில எனக்கு இருமல் வரும். ஒருத்தன் இருமினா அம்புட்டு பேரும் திரும்பிப் பாப்பாவ." அவர் பாஸ் எனக்கு வந்தது.

எனக்கு வந்ததற்குக் காரணம் இருந்தது. மகள் எனக்குப் போன் செய்தாள்.

"ஆன்ட்டி, அம்மா தனியா வந்தா சீட்ல இருக்க மாட்டாங்க. யாரையாவது உக்கார வெச்சிட்டு நின்னுட்டு இருப்பாங்க. நீங்க பக்கத்துல இருந்து பாத்துக்கணும். ஃபர்ஸ்ட் ஹாஃப் மட்டும்தான் நாங்க பாடறோம். அது முடியற வரைக்கும் எழுந்திருக்க விடாதீங்க, ப்ளீஸ்."

"ஏன், அதுல என்ன விசேஷம்?"

"சும்மாதான் ஆன்ட்டி" என்று வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிறு எங்கள் ஹார்பர் லைனில் மெகா பிளாக், தண்டவாள வேலை. வண்டி கிடையாது. பஸ் மாறி, மெயின் லைனைப் பிடித்து, சி.எஸ்.டி.யில் டாக்சி எடுத்துப் போய் இறங்கினோம். அக்கா கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுப்புடவையில் இருந்தார். வெளியே கடல் பளபளத்துக்கொண்டிருந்தது. கட்டடம் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றது. வந்தவர்களில் பாதிப் பேர் உள்ளே போகாமல் கூரையையே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இவ்வளவு பெருசு கட்டிருக்கான். நம்ம சால் மூணு இதுக்குள்ள நிக்கும்லா" என்றார் அக்கா.

முன்கூடத்திலேயே ஆரம்பித்துவிட்டது. நான் கைகழுவிவிட்டு வருவதற்குள், கண்ணாடிச் சுவரோரம் ஒரு பெண்மணியோடு பேசிக்கொண்டிருந்தார். கோவண்டியிலிருந்து வந்தவள், மராத்திக்காரி. அவள் பெண்ணும் அதே குழுவில் பாடுகிறாள். ஆனால் கையில் பாஸ் இல்லை. பெண்ணுக்கு நிச்சயமாகியிருக்கிறது. இரண்டு பாஸும் சம்பந்தி வீட்டாருக்குப் போய்விட்டது. கொடுக்காமல் இருக்க முடியுமா? பின்னால் ஓரமாக நின்று கேட்டுக்கொள்ளலாம் என்று இவள் பஸ் ஏறி வந்துவிட்டாள். வாசலில் சொல்லிவிட்டார்கள், நிற்க இடம் என்று எதுவும் இங்கே கிடையாது என்று.

"பாவம் தங்கச்சி" என்றார் அக்கா என்னைப் பார்த்து.

"அக்கா, உங்க பொண்ணு என்கிட்ட என்ன சொல்லியிருக்கா தெரியுமா?"

"தெரியும் தெரியும். நான் எங்கயும் போவல. உள்ள போய் எடம் பாப்போம் வா."

உள்ளே போனோம். முழுக்க மரம். எங்கேயோ தூரத்தில் ஒருவர் புரோகிராம் தாளைத் திருப்பும் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. எங்கள் வரிசையைக் கண்டுபிடித்து உட்கார்ந்தோம். நன்றாக அகலமான மெத்தைச் சீட். அக்கா உட்கார்ந்த உடனே இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகத் தூக்கினார்.

"இது மடங்காதா?"

"மடங்காது அக்கா. தரையோட சேத்து முடுக்கியிருக்கு."

"ஒரு ஆளுக்கு இம்புட்டு அகலமா? ரெண்டு பேரு தாராளமா இருக்கலாமே. இந்தக் கட்டய எதுக்கு நடுவுல வச்சான்?"

அவருக்கு அந்தப் பக்கம் கோட்டு போட்ட ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அக்கா அவரிடம் குனிந்து, "அங்கிள், ஜரா சரக்கோ நா. ஏக் லேடீஸ் ஹை, பாவம்" என்றார்.

அந்த மனுஷர் தன் இரண்டு கைப்பிடிகளையும் குனிந்து பார்த்தார். எங்கே நகருவது என்று நிஜமாகவே தேடினார். அவரும் ஒரு காலத்தில் லோக்கலில் போனவராக இருக்கவேண்டும். உடம்பை லேசாகத் தூக்கிக்கூடப் பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கறுப்புக் கோட்டு போட்ட ஒரு பெண் வந்து, ஒரு டிக்கெட்டுக்கு ஒருவர்தான் என்று மிக மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள். முதல் மணி அடித்தது.

அக்கா இன்னொரு தரம் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"எங்க அக்கா?"

"அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருதேன். பாவம், பாத்துக்கிட்டே நிக்கும். ரெண்டு நிமிசம்."

நான் அவர் முந்தானையைப் பிடித்தேன். பட்டு, வழுக்கிக்கொண்டு போய்விட்டது. போய்த் தடுத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் அக்காவைப் பார்த்ததில்லை.

விளக்கு மங்கும்போது ஒரு உருவம் வரிசைக்குள் நுழைந்து பக்கத்தில் உட்கார்ந்தது. அப்பாடா என்று திரும்பினேன். கோவண்டிக்காரி. கையில் அக்காவின் பாதி கிழித்த பாஸ். உட்கார்ந்ததும் என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். நான் எழுந்தேன். கதவுகளைச் சாத்திவிட்டார்கள். மேடையில் வாத்தியக்காரர்கள் நிமிர்ந்துவிட்டார்கள். பின்னாலிருந்து யாரோ உட்காருங்கள் என்றார்கள். உட்கார்ந்தேன்.

பாடகர் குழு வந்து அடுக்கடுக்கான படிகளில் நின்றது. ஆண்கள் கறுப்புச் சட்டை, பெண்கள் கறுப்புப் புடவை. அக்காவின் மகள் இரண்டாவது படியில் நின்றாள். எங்கள் வரிசையை நேராகப் பார்த்தாள். லேசாகச் சிரித்தாள்.

எனக்கு அந்தச் சங்கீதம் அவ்வளவாகப் புரியாது. மாதுங்காவில் சபாக் கச்சேரி கேட்டு வளர்ந்தவள். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதில் நடுவே எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். வாத்தியங்களும் தணிந்துவிட்டன. அந்தப் பெண் படியிலிருந்து இறங்கி முன்னால் வந்தாள். தனியாகப் பாடினாள். மைக் இல்லை. கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் நின்று சாப்பிட்ட பெண்ணுக்கு இவ்வளவு பெரிய குரல் எங்கே இருந்தது என்று நான் திகைத்துப்போனேன். பயமில்லாமல், நிதானமாக, அந்த ஹாலை முழுக்கத் தனக்கென்று எடுத்துக்கொண்டு பாடினாள். எங்கள் வரிசையைப் பார்த்தே பாடினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் கோவண்டிக்காரியும் அழுதாள், அவள் தன் பெண்ணுக்காக.

இடைவேளை விட்டதும் நான்தான் முதலில் வெளியே ஓடினேன். முன்கூடத்தில் காபி கவுன்ட்டருக்கு மேலே ஒரு டி.வி. மாட்டியிருந்தது. உள்ளே நடப்பது அதில் தெரியும். சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். அக்கா அதற்கு நேர் கீழே அண்ணாந்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் அக்கா இப்படிப் பண்ணினேள்?"

"நான் பாதில வந்து மாத்திக்கிடலாம்னு நெனச்சேன் தங்கச்சி. குர்லா வந்தா மாத்திக்கிடுவோம்லா, அது மாரி. பாதிப் பாட்டு அவ, பாதிப் பாட்டு நான். கதவத் தொறக்க மாட்டேம்னுட்டாவ. பாட்டு நடக்கும்போ தொறக்கப்புடாதாம்." மறுபடி டி.வி.யைப் பார்த்தார். "நம்ம பிள்ள எதுக்கு முன்னால வந்து நின்னா? மத்தவிய எல்லாம் சும்மா நின்னாவ. இவ வாய் மட்டும் அசைஞ்சுது."

"தனியாப் பாடினா அக்கா. அவ மட்டும்."

"எங்கிட்ட சொல்லலியே."

"சொல்லாம வெச்சிருந்தா. நீங்க நேர்ல கேக்கணும்னு."

அதற்குள் மகள் ஓடி வந்துவிட்டாள், புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு. முகமெல்லாம் வெளிச்சம்.

"அம்மா! கேட்டியா?"

"பாத்தேன் மக்ளே."

"பாத்தேன்னா?"

அந்த நேரம் பார்த்துக் கோவண்டிக்காரி வந்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். உங்களால்தான் என் பெண் பாடியதைக் கேட்டேன் என்று மராத்தியில் சொல்லி அழுதாள். அவள் விரல்களுக்கு நடுவில் அந்தக் கிழிந்த பாஸ். மகள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய?

"லைட்டெல்லாம் எங்க மூஞ்சிலதாம்மா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "மேடைல இருந்து யாரையும் தெரியாது. நேத்து ரிகர்சலுக்கு வந்தப்பவே உன் சீட் எங்க இருக்குன்னு பாத்து வெச்சிருந்தேன். அங்க ஒரு ஆள் இருக்கற மாதிரி தெரிஞ்சுது. நீதான்னு நெனச்சுப் பாடினேன்."

"பாதில மாத்திக்கிடலாம்னு..."

"இது டிரெய்ன் இல்லம்மா."

"அவளும் ஒரு தாய்தானட்டி. பிள்ள பாடுதத கேக்காமப் போனா..."

"நீ?"

அக்கா மறுபடி அந்த டி.வி.யை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னொருக்க எப்ப பாடுவிய?" என்று கடைசியில் கேட்டார்.

"இல்லம்மா. இது இன்னிக்கு மட்டும்தான். அந்த ஃபாரின் ஆர்கெஸ்ட்ராக்காரங்க நாளைக்கு ஊருக்குப் போறாங்க."

"அப்பம் இங்கன ஒருக்க பாடு. மெதுவாப் பாடு, நான் மட்டும் கேக்கேன்."

"முடியாதும்மா. பின்னால அவங்கள்லாம் வேணும். இல்லாம பாடினா அது அந்தப் பாட்டு இல்ல."

கோபத்தில் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். மறுபடி மணி அடித்தது. கோவண்டிக்காரி பாஸை அக்காவின் கையில் திணித்துவிட்டு, சம்பந்தி வீட்டார் தேடுவார்கள் என்று போய்விட்டாள். மகள் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள். வரிசைக்குள் நுழைந்து, அந்தச் சீட்டைக் காட்டி, "உக்காரு" என்றாள். அக்கா உட்கார்ந்தார். முந்தானை கைப்பிடியில் மாட்டியிருந்ததை மகளே எடுத்து மடியில் போட்டாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

இரண்டாம் பாதியில் பாட்டு கிடையாது, வாத்தியங்கள் மட்டும். பாடகர்கள் நின்ற படிகளை மேடையிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். அக்கா முதுகை நிமிர்த்தி, இரண்டு கைப்பிடிகளிலும் கை வைத்துக்கொண்டு, அசையாமல் இருந்தார். கோட்டுக்காரப் பெரியவரைக் காணவில்லை. அவருக்கு அடுத்தவர்களும் இல்லை. கட்டடத்தைப் பார்த்தாயிற்று, ஒரு பாதி கேட்டாயிற்று என்று நிறையப் பேர் இடைவேளையோடு கிளம்பிவிட்டார்கள். எங்கள் வரிசையில், எங்களுக்கு முன்னால், கீழே, எல்லாப் பக்கமும் காலி சீட்டுகள்.

அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இப்பம் எவ்வளவு எடம் கெடக்கு பாத்தியா தங்கச்சி" என்றார்.

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். ஆனால் அந்த ஹாலில் எதையும் மறைக்க முடியாது. மெதுவாக அழுதாலும் கடைசி வரிசை வரைக்கும் போகும்படிதான் கட்டியிருக்கிறார்கள். முன் வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி முறைத்தார். முறைக்கட்டும் என்று நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.